சொந்தப் பதில்

"அறுவைச் சிகிச்சையா, கதிர்வீச்சா, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பதா?" மருத்துவமனைத் திரை மறுபடியும் கேட்டது. ஆவுடையப்பன் வழக்கம்போல மனைவி முகத்தைப் பார்த்தார்.

"பார்வை மனைவியிடம் சென்றது. பதில் ரத்து."

உலகம்மாளுக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து மனிதர் வாயைத் திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் "நீயே சொல்லு". சட்டை எடுப்பதில்கூட அப்படித்தான். இந்தத் திரைக்கோ நோயாளியின் சொந்தப் பதில் வேண்டுமாம். அது ஒப்புக்கொள்ளாமல் எந்த டாக்டரும் சிகிச்சையைத் தொடங்க முடியாது.

"ஆபரேஷன்னு சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்தினாள். திரை அவளை வெளியே போகச் சொல்லிவிட்டது.

கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

"ஆபரேஷன் வேண்டாம். பண்ணுனா ஒண்ணுக்கு அடக்க முடியாமப் போயிருமாம்லா. அவளுக்கு முட்டுவலி. என் துணிய அலசிக்கிட்டு அவ கெடக்க வேண்டாம். அந்தக் கதிர்வீச்சுக் கரண்டே வச்சிருங்க."

உலகம்மாள் காதை இன்னும் அழுத்தி வைத்தாள். இத்தனை நாளாக இதைத்தான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாரா?

"இது மனைவிக்காகச் சொன்ன பதில். ரத்து," என்றது திரை. "உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்."

அவள் இரண்டு கையாலும் கதவை அறைந்தாள்.

"கிறுக்குத்தனமான பதிலுதான்! ஆனா அவரு பதிலு அதுதாம்ல! எழுதிக்கோ!"