கயிற்றில் இடமில்லை

"என்ர வலையில உனக்கு இடமில்லை, தம்பி. போய் வேற வேலையைப் பார்."

கரைவலை முதலாளியான சம்மாட்டி யாகப்பர் இப்படி முகத்துக்கு நேரே சொல்லுவார் என்று சிங்கராசா கனவிலும் நினைக்கவில்லை. அவனுடைய தகப்பன் பேதுரு சாகும்வரை இழுத்தது இந்த மனுசனின் வலையைத்தானே!

தகப்பனை அடக்கம் செய்ய வந்தவன் பேராதனைக்குத் திரும்பிப் போகவில்லை. எஞ்சினியர் படிப்பில் இன்னும் ஒரு வருசம் மிச்சம். உழைக்கிறவன் போன வீட்டில், அவன் அங்கே அறை எடுத்துத் தங்கிப் படிக்க யார் காசு அனுப்புவது? இனாமாக ஒரு சதம் நீட்டினாலும் வாங்குகிற ஆளில்லை அவன். படிப்பை விட்டுவிட்டுத் தகப்பன் பிடித்த கயிற்றைப் பிடிப்பது என்று முடிவெடுத்துவிட்டான்.

தாய் றோஸ்மேரியும் கூடவே வந்து, அவனைவிடச் சத்தமாகக் கெஞ்சினாள். பலன்தான் இல்லை. மற்றச் சம்மாட்டிமாரும் கையை விரித்தார்கள். ஆள் கூடிப்போச்சு என்றார் ஒருவர். பேனை பிடித்த கை புண்ணாகிவிடும் என்று நக்கலடித்தார் இன்னொரு சம்மாட்டி அந்தோனிமுத்து. ஒரு வாய் தேத்தண்ணிகூட யாரும் கொடுக்கவில்லை.

"நன்றி கெட்ட சனம்" என்று கொதித்தான் சிங்கராசா. "நாளைக்குக் கேக்காமலே கயித்தில கை வைக்கிறன். ஆர் தடுக்கிறது எண்டு பாப்பம்."

சொன்னபடியே செய்தான். மறுநாள் யாகப்பரின் வலை கரையை நெருங்கியபோது ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தான். யாகப்பர் ஏசவில்லை, கையை மட்டும் உயர்த்தினார். இழுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கயிற்றைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். வலை தளர்ந்தது. கண்ணெதிரே சூடை மீன் கூட்டம் கூட்டமாக வெளியே போனது. வந்த மீன் போனாலும் போகட்டும், இவனோடு சேர்ந்து இழுக்கமாட்டார்களாம்!

சிங்கராசா கயிற்றை விட்டான்.

"போறன். ரியூசன் குடுத்தெண்டாலும் படிச்சு முடிச்சு, இந்தக் கரைக்கு நான் ஆர் எண்டு காட்டுறன்."

வீட்டைக் கருவாடு போட்டுத் தான் பார்த்துக்கொள்வதாகத் தாய் சொன்னாள். அன்று பின்னேரமே தோட்டவெளி ஸ்ரேசனில் ரயில் ஏறினான். ரயில் அசையும்போது றோஸ்மேரி யன்னலுக்குள் கையை விட்டு, அவன் சட்டைப் பையில் காசைத் திணித்தாள்.

"ஏதம்மா இவ்வளவு?"

"அப்பாவின்ர வலைப் பங்கு. நீ படிச்சு முடியுமட்டும் மாசாமாசம் வரும். பேதுரு இன்னும் கயித்திலதான் நிக்கிறான், அவன்ர இடத்துக்கு வேற ஆள் எடுக்கமாட்டம் எண்டு யாகப்பர் அண்ணையாக்கள் செத்தவீட்டிலயே சொல்லிப்போட்டினம். முதலே சொன்னால் நீ வாங்கமாட்டாய்."

"பிறகேன் ஊரெல்லாம் என்னைத் துரத்தினது?"

ரயிலோடு சேர்ந்து நடந்தபடி றோஸ்மேரி சிரித்தாள்.

"துரத்தச் சொன்னது நான்தான், மோனை. ஆனால் மீனை விடச் சொல்லி நான் சொல்லேல்லை. அது அவையளாச் செய்தது."