எர்த் ஸ்குரூ

மாப்பிள்ளையூரணியில், டிரைவர் ரெமிஜியுஸின் வீட்டு வாசலில் நின்ற டிரெய்லர் லாரியின் கேபினுக்குள் எலக்ட்ரீஷியன் ஜெனிஸ் மறுபடியும் குனிந்தான். போன வாரம் அவன் சரிசெய்து கொடுத்த ஸ்பீக்கர் திரும்பவும் 'உய்ங்' என்று இரைந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இரைச்சலும் கூடவே ஏறியது.

"ஒயர மாத்துன, ஃபில்டர் போட்ட. இன்னும் என்னலே?" என்றார் ரெமிஜியுஸ். "போன் பேசுறதும் இந்த ஸ்பீக்கர்லதான். வீட்டுல இருந்து போன் வந்தா ஒரே இரைச்சல்."

ஸ்பீக்கரின் எர்த் ஒயரை வண்டியின் இரும்போடு பிடித்திருக்கும் எர்த் ஸ்குரூ லூசாகியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதேதான்.

"முறுக்கித்தான வச்சேன் அண்ணாச்சி. வேற யாரும் உள்ள ஏறுதாவளா?"

"லோடுக்குக் கெளம்பும்போது ஒங்க மைனி ஏறித் தீர்த்தம் தெளிப்பா. வேற யாரு ஏறுவா? ஒனக்கு வேல தெரியலன்னு சொல்லு."

ஜெனிஸ் ஸ்குரூவை இறுக்கத் தொடங்கினான்.

ரெமிஜியுஸ் டீ குடிக்கப் போனதும், அவர் மனைவி அல்போன்சா கேபின் கதவருகே வந்தாள்.

"தம்பி, அத இறுக்கிராதிய. நான்தான் லூசாக்குதேன்."

"எதுக்கு மைனி?"

"நான் போன் போட்டா, 'வண்டிய ஓரங்கட்டிட்டேன், பேசு'ன்னு ஒங்க அண்ணாச்சி பொய் சொல்லுதாவ. ஏசி கேபின்ல இஞ்சின் சத்தம் கேக்காது. போன்ல இந்த இரைச்சல் ஏறி எறங்குனா, ஓட்டிக்கிட்டே பேசுதாவன்னு தெரிஞ்சிரும். ஒடனே வச்சிருவேன்."

ரெமிஜியுஸ் திரும்பி வந்தபோது ஜெனிஸ் ஸ்குரூவை லூசாகவே விட்டுவிட்டுக் கீழே இறங்கியிருந்தான்.

"சரியாயிட்டாலே?"

"இல்ல அண்ணாச்சி. நீங்க சொன்னதுதான் சரி. எனக்கு வேல தெரியல."