மண்மெழுகு

வந்த பெண் சோபாவில் உட்கார்ந்ததும், கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவிக்குச் சங்கடமாகிவிட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா."

"பரவால்லம்மா" என்ற பெண், அலமாரியிலிருந்த கருப்புக் கட்டியை எடுத்துப் பார்த்தாள். "இது என்ன, நிலக்கரியா?"

"கரிதான். காலமெல்லாம் பூமியைத் தோண்டி ஆராய்ச்சி பண்ணவராச்சே, வீடு முழுக்கக் கல்லும் கரியும்தான்."

கணவர் விருட்டென்று திரும்பி முறைத்தார்.

"தொட்டா வழவழங்குதே. ஒருவேளை தாரோ?"

"தாராத்தான் இருக்கும். ரோடு போட்ட இடத்துல பொறுக்கியிருப்பார்."

யாராவது ஒரு கல்லின் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டால், சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவந்து திருத்துகிற மனுஷர் அவர். இப்போது கழுத்து நரம்பு புடைக்க, நாற்காலிக் கையைப் படபடவென்று தட்டினார்.

பெண் விடவில்லை. "அப்ப குப்பையில போட்டுடலாமே?"

"ஓ... ஓசோ... ஓசோகெரைட்!" என்று கத்தினார் அவர். "மண்... மெழுகு!"

மனைவி ஓடிவந்து பெண்ணின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கவாதம் வந்ததுலேர்ந்து இவர் பேசின முதல் வார்த்தைம்மா இது! நீங்க போன்ல சொன்ன மாதிரியே எல்லாத்தையும் தப்புத் தப்பா சொன்னேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கிவிட்டது.

"தார்... இல்ல" என்றார் கணவர், மனைவியிடம் திக்கித் திக்கி.

"இல்லவே இல்லீங்க" என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக. "நான் வேற என்னென்ன தப்பா சொன்னேன்? ஒண்ணு விடாம சொல்லுங்க."