நேற்று தோற்றது யார்?

எலக்ட்ரீஷியன் அன்றைக்கும் மச்சினனின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

மாடி வீட்டிலிருந்து பனியனோடு இறங்கி வந்த மச்சினன், சோபாவில் சாய்ந்தபடி, காலரை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கலாம் என்று யோசனை வேறு சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுப்படியிலிருந்து பார்த்த மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்த தம்பியாகப் போய்விட்டான். இல்லாவிட்டால் கையிலிருந்த கரண்டி கையிலேயே இருந்திருக்காது.

கணவர் ஏணியிலிருந்து விழுந்து இரண்டு மாதமாகிறது. உடம்பு தேறிவிட்டது. பழசெல்லாம் ஞாபகமிருக்கிறது, கல்யாணத்தில் யார் யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்பது உட்பட. நேற்று நடந்ததுதான் நிற்பதில்லை. கேட்டால் ஒப்புக்கொள்ளவும் மாட்டார். “ஏன், நல்லா ஞாபகம் இருக்கே” என்று சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவார்.

டாக்டரம்மா அவளுக்குப் புரியும்படி விளக்கியிருந்தார். ரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது. கையில் வெட்டுப்பட்டால் ரத்தத்தை உறையவைத்து நம்மைக் காப்பாற்றுவது அதுதான். தலையில் அடிபட்டதில் அது மூளைக்குள் கசிந்துவிட்டது.

“நல்லவன்தாம்மா. வரக்கூடாத இடத்துக்கு வந்துட்டான். அங்கே காவலுக்கு இருக்கிற செல்லுங்க அவனைத் திருடன்னு நினைச்சுத் தடியைத் தூக்கிடுச்சு. அந்தக் கலாட்டாவுலதான் வீக்கம், மறதி எல்லாம். மருந்துல அடங்கும். நேத்து நடந்தது மனசுல ஒட்ட ஆரம்பிக்கட்டும், அப்புறம் ஏணியைப் பத்திப் பேசலாம்.”

ஏணி இல்லாமல் அவருக்கு ஏது தொழில்? அவள் வேண்டாத தெய்வமில்லை.

தம்பியோ பாங்கிலிருந்து வந்ததும் மாமாவோடு செஸ் ஆட உட்கார்ந்துவிடுவான். ஜெயிப்பது எப்போதும் மாமாதான். விடிந்தால் கசங்கிய சட்டையோடு வந்து நிற்பான்.

“நேத்து தோத்துட்டீங்க மாமா. தோத்தவர் சட்டை தேய்க்கணும்னு பந்தயம்.”

அவரும் தலையாட்டிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுப்பார்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் அவள் நடுவில் புகுந்து, ஜெயித்தது நீங்கள்தான் என்றாள். கணவர் அவளைத்தான் அடக்கினார். “சும்மா இரு. அவன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்?”

தம்பியைத் தனியே இழுத்து, அடிபட்ட மனுஷனை ஏமாற்ற வெட்கமாக இல்லையா என்று கேட்டும் பார்த்தாள். அவன் அசரவில்லை.

“மாமா கை பட்டாத்தான்க்கா மடிப்பு நிக்குது.”

இப்போது காலர் தேய்த்து முடிந்தது. அவளும் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். நாளைக்கும் இவன் இந்தப் பொய்யைச் சொன்னால், இனி இந்த வாசப்படி மிதிக்காதே என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

மறுநாள் காலை. அதே பனியன், கையில் வேறு சட்டை.

“நேத்து தோத்துட்டீங்க மாமா...”

அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். அதற்குள் கணவர் பேப்பரை மடித்துவைத்தார்.

“யாரு தோத்தது?”

“நீங்கதான்.”

“டேய், என் குதிரை உன் ராணியைத் தூக்குச்சு. நீ உடனே போன் வந்த மாதிரி வாசலுக்கு ஓடினே. போன் அடிக்கவே இல்லை. சரியான புளுகுமூட்டைடா நீ.”

அவளுக்கு வயிறு குளிர்ந்தது. மாட்டிக்கொண்டாயா, நன்றாக வேண்டும் உனக்கு என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான், கணவர் பேசியது நேற்றைய சங்கதி என்பதே உறைத்தது.

தம்பியின் கையிலிருந்த சட்டை நழுவிக் கீழே விழுந்தது. அதன்மேலேயே நின்றுகொண்டு, போனில் எண்ணைத் தட்டினான்.

“டாக்டர், நேரா கேட்டா சமாளிச்சிடறாருன்னு சொன்னேனே... நாப்பது நாளா ஒரே பொய்யைச் சொல்லிப் பார்த்தேன், நம்பிக்கிட்டே இருந்தாரு. இன்னைக்குத்தான் டாக்டர் என்னைப் புளுகுமூட்டைன்னு திட்டினாரு.”