அந்திக் குரல்

"இன்னைக்கு மட்டும் அந்தப் பாட்டை விட்டுருங்க தாயி."

சுப்புத்தாய் இப்படிச் சொன்னதும், தம்பூராவில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த இந்துஜாவின் விரல் நின்றது.

எட்டயபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் மணப்பெண் அறை அது. இன்னும் ஒரு மணி நேரத்தில் கச்சேரி. கோவில்பட்டியிலிருந்து பாட வந்த இந்துஜாவுக்கு முன்பாகவே, எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து சுப்புத்தாய் மதியமே வந்து சேர்ந்துவிட்டாள். கையில் ஒரு வேப்பங்குழை. அதில் பாதி இலையைக் காணோம்.

"ஏன்க்கா? உங்க குரலைத்தானே பாடப்போறேன்."

"காரணம் கேக்காதீங்க. நாளைக்கு விடியட்டும், நானே சொல்லுதேன். இன்னைக்கு அதைப் பத்தி வாய் தொறக்கப்படாது. எங்க வழக்கம் அப்படி."

இந்துஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கரிசல் காட்டில் சிதறி மேயும் ஆடுகளை, அந்தி சாய்ந்ததும் வீட்டுக்குத் திருப்ப சுப்புத்தாய் கொடுக்கும் குரல் அது. சொல் எதுவும் கிடையாது. கீழே கிளம்பி, மேலே தாவி, அங்கேயே ஆடிக்கொண்டு நிற்கும் நீளமான ஓர் 'ஓ'. அவ்வளவுதான். அதை வைத்து இருபது நிமிட ஆலாபனை கட்ட இந்துஜாவுக்கு ஒரு வருடம் ஆயிற்று. சென்னையில் இரண்டு சபாக்காரர்கள் சிரித்தே அனுப்பினார்கள். மூன்றாமவர் இன்று நேரிலேயே வந்திருக்கிறார். அவர் தலையசைத்தால் டிசம்பரில் மேடை. இல்லையென்றால் இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வரமாட்டார்.

இசைச் சங்கச் செயலாளர் லிங்கராஜ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி.

"தெருவெல்லாம் ஆட்டு வாடை. நாளைக்குச் சந்தை இருக்கு, வெள்ளிக்கிழமை கச்சேரி வேண்டாம்னு சொன்னேன், யார் கேக்கா?" என்றவர், சுப்புத்தாயைப் பார்த்தார். "வாங்கம்மா. பொன்னாடை உண்டுன்னு சொன்னாவளா?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. அதைப் பாடாம இருந்தாப் போதும்."

"நல்ல கூத்து. ஆட்டைக் கூப்பிடுத சத்தத்துக்கெல்லாம் கச்சேரியில எடமான்னு நான் கேட்டதுக்கு, இந்தப் பிள்ளை ஒரு வாரம் எங்கிட்ட மல்லுக்கு நின்னுச்சு. சரின்னு நோட்டீஸ் அடிச்சு ஒட்டியாச்சு. இப்ப ஒடமைக்காரியே வேண்டாங்காவ."

இந்துஜாவுக்குச் சுருக்கென்றது. இந்த மாதிரிப் பேச்சு காதில் விழுந்துதான் சுப்புத்தாய் கூசிப்போயிருக்கிறாள் என்று அவளுக்குப் பட்டது. எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு உங்க காட்டுல நான் குரல் குடுத்ததும் அத்தனை ஆடும் என்கிட்ட ஓடி வந்துச்சே. 'தேறிட்டீங்க தாயி, இனி நான் வீட்டுல படுத்துக்கிடுதேன், நீங்க மேய்ச்சுட்டு வாங்க'ன்னு சிரிச்சீங்களே. மறந்துட்டீங்களா?"

"மறப்பனா?" சுப்புத்தாய் கையிலிருந்த குழையைப் பார்த்தாள்.

"அப்புறம் என்ன? யாருக்கும் கூச வேண்டாம்க்கா. உங்களுக்காகவே இன்னைக்குப் பாடுதேன். முன்வரிசையில உக்காந்து கேளுங்க."

"கூச்சம் இல்ல தாயி..." என்று ஆரம்பித்த சுப்புத்தாய் வாயை மூடிக்கொண்டாள். பிறகு வெளியே போய்விட்டாள்.

முன்வரிசையில் அவளுக்குப் போட்ட நாற்காலி கடைசிவரை காலியாகவே கிடந்தது. கோபமாக இருக்கும், கேட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, இந்துஜா கண்ணை மூடி அந்தக் குரலை எடுத்தாள். தெருவுக்கும் கேட்கட்டும் என்று லிங்கராஜ் வாசலில் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்.

முதல் 'ஓ' அடங்கியது. மிருதங்கம் காத்திருந்தது.

வெளியே எங்கோ ஓர் ஆடு கத்தியது. பின்னால் இன்னொன்று. பிறகு பல.

கூட்டம் ஒரு கணம் திகைத்து, அப்புறம் கைதட்டியது. சபாக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்துஜாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இன்னும் திறந்து பாடினாள். அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் ஆடுகள் பதில் கொடுத்தன. இப்படி ஒரு துணைப்பாட்டு எந்தக் கச்சேரிக்கு வாய்க்கும்?

"டிசம்பர்ல நீங்க பாடுறீங்க" என்றார் சபாக்காரர், மேடைக்கே ஏறி வந்து. "ஒண்ணு மட்டும். அந்த ஆட்டுச் சத்தத்தையும் ரெக்கார்ட் பண்ணிக் கொண்டுவந்துடுங்க."

"எல்லாம் நம்ம மண்ணு குடுக்குத சத்தம் சார்" என்றார் லிங்கராஜ், ஏதோ அவரே அதைக் கண்டுபிடித்ததுபோல.

பொன்னாடையை எடுத்துக்கொண்டு இந்துஜா சுப்புத்தாயைத் தேடி வெளியே ஓடினாள். நல்ல சேதியை முதலில் அவளுக்குத்தான் சொல்ல வேண்டும்.

மண்டபத்துக்கு எதிரே ஒரு வியாபாரியின் ஆட்டுப்பட்டி. சுப்புத்தாயின் பதினொரு கிடாக்கள் வேலிப் படலில் முட்டிக்கொண்டு, மண்டப வாசலையே பார்த்து நின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் இன்னும் காயாத சிவப்புச் சாயம், வாங்கிய வியாபாரியின் அடையாளம். படலுக்கு வெளியே சுப்புத்தாய் வேப்பங்குழையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு கிடாகூட அதைக் கடிக்கவில்லை.

இந்துஜாவின் கையிலிருந்து பொன்னாடை நழுவியது.

"இனி மறைச்சு என்ன தாயி? விக்கிற அன்னைக்கு நாங்க குரல் குடுக்க மாட்டோம். தழையைக் காட்டித்தான் கூட்டிட்டு வருவோம்" என்றாள் சுப்புத்தாய், திரும்பிப் பார்க்காமலே. "குரல் குடுத்தா, வீட்டுக்குக் கூப்பிடுதோம்னு நெனைச்சுக்கிடும் அதுவ."