கையில் இரண்டு சுற்று

காசம்மாள் விக்கின் முடியைப் பிடித்து வலது கையில் சுற்றிப் பார்த்தாள். ஒன்றரைச் சுற்றுதான் வந்தது.

“பத்தாது. வேற எடு பாப்பா.”

பர்வின் தவளக்குப்பம் சந்திப்பில் மாடியில் விக் கடை போட்டு ஆறு வருடம் ஆகிறது. வருகிறவர்கள் முடியைக் கோதிப் பார்ப்பார்கள், கண்ணாடியில் பார்ப்பார்கள், முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். கையில் சுற்றிப் பார்த்தவர் யாரும் இல்லை.

“இது பன்னெண்டு இஞ்ச்க்கா. இருபது இஞ்ச் காட்டட்டுமா?”

“இஞ்ச்சுலாம் எனக்குத் தெரியாது. ரெண்டு சுத்து வந்து நாலு விரல் மிச்சம் நிக்கணும். அவ முடி அப்பிடித்தான் இருந்துச்சி.”

அவள் என்றால் தையலம்மாள். பாகூரில் இருக்கிறாள். மார்பில் கட்டி. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். மூன்றாவது தடவைக்கே முடி மொத்தமும் தலையணையோடு தங்கிவிட்டது. போன மாதம் டாக்டர், எல்லாம் சரியாகிவிட்டது, இனி எந்த வேலையும் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். டாக்டர் சொல்லி என்ன? நாலு மாதமாக ஆஸ்பத்திரிக்குத் தவிர அவள் வாசற்படி தாண்டவில்லை.

“கேட்டா மொட்ட மண்டையில மார்கழிப் பனி எறங்குதுன்றாளாம். பொங்கலுக்குள்ள அவ குழாயடிக்கு வந்தாவணும்.”

“பனிக்கு இது நல்லதுதாங்க்கா. குல்லா மாதிரி கதகதன்னு இருக்கும். வெயில் வந்தாத்தான் அரிக்கும். பசை போட்டு ஒட்றது வேணுமா, பசை இல்லாததா?”

“எங்கிட்ட எங்க பசை இருக்குது? பசை இல்லாததே குடு.”

பர்வின் சிரித்துவிட்டாள். காசம்மாளின் காதில் கம்மல் இருந்த ஓட்டையில் வேப்பங்குச்சி இருந்தது. சித்தாள் கை. சிமெண்ட் அரித்த விரலில் முடி சிக்கிச் சிக்கி வந்தது.

இருபது இஞ்ச் ஒத்துவந்தது. ஆனால் சும்மா விடவில்லை. இடது காதுக்கு மேல் ஒரு கொத்து நரை வேண்டும் என்றாள். உச்சியில் இரட்டைச் சுழி வேண்டும் என்றாள்.

“விக்குல சுழிலாம் வராதுக்கா.”

“போவுது. நரையாவது வெய்யி.”

“தல அளவு எடுக்கணும். ஒரு தடவ அவங்கள இட்டாங்களேன்.”

“வரமாட்டா.” காசம்மாள் மேசைமேல் இருந்த பொம்மைத் தலையை இரண்டு கையாலும் கவ்விப் பிடித்தாள். “இதவிட ஒரு விரக்கட பெருசு.”

கூடப் பிறந்தவர்களுக்குத்தான் இவ்வளவு தெரியும் என்று பர்வின் நினைத்துக்கொண்டாள். நரை வைத்து, அளவு தளர்த்தி, உள்ளே இருந்த எலாஸ்டிக் பட்டையையும் நாலு சின்னச் சீப்புகளையும் விரித்துக் காட்டினாள். குனிந்தாலும் வராது, காற்றடித்தாலும் வராது.

“இழுத்தா?”

“இழுத்தாவா?”

“கொத்தாப் புடிச்சி இழுத்தா. தோலோட பிச்சிக்கினு வருமா?”

“பசை போட்டதுதாங்க்கா தோல இழுக்கும். இது வலிக்காமக் கழண்டுரும்.” பர்வின் குரலை இறக்கினாள். “அவங்க வூட்டுக்காரரு குடிப்பாருங்களா?”

“அந்தாளா? அவன் எறும்புக்கே ஒதுங்கி வழி வுடுவான்.”

சொல்லிவிட்டுப் பொம்மைக்கு விக்கை மாட்டச் சொன்னாள். மாட்டியதும் பின்பக்கம் போய், முடியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரே இழுப்பு. விக் கையோடு வந்துவிட்டது.

“இன்னா பாப்பா இது? மொத இழுப்புலயே வந்தா நாலு பேர் எதிர்ல அவளுக்குக் கேவலம். இறுக்கு.”

பர்வின் பட்டையை இரண்டு கொக்கி இறுக்கினாள். அடுத்த இழுப்புக்குப் பொம்மை தலையோடு கிளம்பிவந்து டீ கிளாசைத் தட்டிவிட்டது.

“ஐயோ, இது வலிக்கும். கொஞ்சம் தளத்து.”

ஒரு கொக்கி தளர்த்தினாள். முதல் இழுப்புக்கு அசைந்தது. இரண்டாவதுக்குச் சாய்ந்தது. மூன்றாவதுக்குக் கழன்றது.

“இது சரி. மூணுக்கு மேல நாங்களும் போறதில்ல. யாராவது வந்து பிரிச்சி வுட்டுருவாங்க.”

பர்வினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிந்திய டீயைத் துடைத்துவிட்டு விக்கைப் பெட்டியில் வைத்தாள். பில் புத்தகத்தை எடுத்தாள்.

“உங்க பேரு போடட்டுமாக்கா?”

“எம்பேரு போட்டா அடுப்புல வெச்சிருவா. அவ பொண்ணு சரண்யாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். ஆஸ்பத்திரியில சும்மா குடுத்தாங்கன்னு சொல்லிக் குடுத்துரும்.”

“கூடப் பொறந்தவங்ககிட்ட இன்னாக்கா ரகசியம்?”

“கூடப் பொறந்தவளா? அந்தச் சிறுக்கியா?”

காசம்மாள் பெட்டியை வாங்கிக் கட்டைப்பையின் அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினாள். கொம்யூன் பஞ்சாயத்துக்காரன் அவளும் தையலம்மாளும் இருக்கும் தெருவுக்கு ஒரே குழாய் போட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பன்னிரண்டு வருடமும் முதல் குடம் யாருடையது என்பதில்தான் இருவருக்கும் சண்டை.

பாகூர் பஸ் ஹாரன் கீழே கேட்டது. படியில் இரண்டு எட்டு இறங்கியவள் நின்று திரும்பினாள்.

“நாலு மாசமா மொதக் கொடம் நாந்தான் வெக்கிறேன் பாப்பா. ஏண்டின்னு கேக்க ஒருத்தி இல்ல.”