காணாமல் போன புகார்

“என் புகாரை அழிச்சது யாரு?”

கோழிக்கோடு நூலக மாடியில், எழுதிய மென்பொருளை ஒளிவில்லாமல் எல்லாருக்கும் திறந்து கொடுக்கும் கட்டற்ற மென்பொருள்காரர்களின் மாதக் கூட்டம். உள்ளே வந்ததும் வராததுமாக லிஜி கேட்டாள்.

அடி தாங்காமல் வீட்டைவிட்டு ஓடிவந்த பெண்கள் தங்கும் இல்லத்துக்கு அவள் வார்டன். இல்லத்தின் பதிவேடு கம்ப்யூட்டரில். அதற்கான மென்பொருளைக் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தவன் மன்சூர். வியாழக்கிழமை அது திறக்க மறுத்துவிட்டது. யாருக்கு எந்தக் கோர்ட்டில் என்றைக்கு வழக்கு என்பதெல்லாம் அதற்குள்ளே. நாளைக்கு இரண்டு பேருக்கு வாய்தா.

“நான்தான் அழிச்சேன் சேச்சி,” என்றான் மன்சூர்.

“பிழை இருந்தா எப்படிச் சொல்லணும்னு நீங்களே பட்டியல் போட்டிருக்கீங்க. எந்தப் பதிப்பு, என்ன செஞ்சீங்க, என்ன நடந்துச்சுன்னு. ஒண்ணு விடாம ஒரு மணி நேரம் உக்காந்து உங்க இணையப் புகார்ப் பக்கத்துல எழுதினேன். இருபது நிமிஷத்துல காணோம்.”

“நாலு தடவை போன் பண்ணேனே.”

“சமாதானம் பேசுவீங்கன்னு தெரியும். அதான் எடுக்கல.”

“இப்பவாவது தனியாப் பேசலாமே சேச்சி.”

“எதுக்குத் தனியா? எல்லாம் எல்லார் கண்ணுக்கும் தெரியணும்கிறதுதானே உங்க கொள்கை?”

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் இந்த மென்பொருள்களைப் பரப்பிய ஆசிரியர் சந்திரன் மாஷ், பாதி கடித்த பழம்பொரியைக் கீழே வைத்தார்.

“நியாயம்தானே மன்சூரே? கம்பெனிக்காரன் குறையை மறைச்சா கொடி பிடிக்கிறோம். நாமளே மறைச்சா?”

“மன்சூர்க்காவுக்குத் தான் பெத்த பிள்ளையைக் குத்தம் சொன்னா ஆகாது,” என்று பின்வரிசையில் ஒருத்தி சொல்ல, கூட்டம் சிரித்தது.

மன்சூருக்குக் காது சிவந்தது.

“மறைக்கல மாஷே. வேற ஒண்ணை அழிக்கப் போய், கை தவறி இது போயிடுச்சு. என் தப்புதான்.”

“கை தவறுற ஆளோட மென்பொருளை நம்பியா இதே மாதிரி இருபத்து மூணு இல்லம் ஓடுது?” என்றார் மாஷ்.

மன்சூர் லிஜி பக்கம் திரும்பினான். “பிழையைச் சரி பண்ணிட்டேன் சேச்சி. காலையிலேயே புதுப் பதிப்பு போட்டாச்சு. திறந்து பாருங்க.”

லிஜி லேப்டாப்பை விரித்தாள். பதிவேடு திறந்தது. வாய்தா தேதிகள் வரிசையாக நின்றன. ஆனாலும் விடவில்லை.

“மன்னிப்பை அந்தப் பக்கத்துலயே எழுதிப் போடணும். எல்லாரும் பார்க்கிற மாதிரி.”

மன்சூர் அங்கேயே தட்டெழுதிப் போட்டான்.

ஜெயித்த தெம்போடு லிஜி படியிறங்கினாள். பாதிப் படியில் போனில் ஒரு செய்தி. மன்சூரிடமிருந்து, அவளுக்கு மட்டும்.

‘சேச்சி, புகாரை அவ்வளவு தெளிவா எழுதியிருந்தீங்க. ஆனா கூடவே உங்க நிஜப் பதிவேட்டுக் கோப்பையே இணைச்சுட்டீங்க. அந்தப் பக்கத்தை உலகத்துல யார் வேணா பார்க்கலாம். பதினாலு பெண்களோட பேரும், அவங்க ஒளிஞ்சிருக்கிற விலாசமும் அதுல இருந்துச்சு. யார் யார் திறந்தாங்கங்கிற கணக்கை நல்லாப் பார்த்துட்டேன், என்னைத் தவிர யாரும் அதைத் திறக்கல. என்கிட்ட இருந்ததையும் அழிச்சுட்டேன். இனிமே நாலு பொய்ப் பேர் போட்டு அனுப்புங்க. இதுக்காக, பிழை கண்டா சொல்லாம மட்டும் இருந்துடாதீங்க.’